பள்ளிவாசலை நிறுத்திய சிறிய அறிவிப்பு

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளும் உறவினர்களும் தொலைபேசியில் பேசும்போது 'கவுன்டி' என்ற சொல் அடிக்கடி வரும். மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு அது. நம்மூர் மாவட்டம் போலத்தான். ஆனால் கலெக்டரை அரசு நியமிப்பது போல அங்கே இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே நிர்வாகத்தை நடத்துகிறார்கள். எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் வழிபாட்டுத் தலம் என்பதை இந்தக் கவுன்டியோ அதற்குள் உள்ள நகராட்சியோதான் முடிவு செய்யும். இந்தக் கூட்டங்களுக்கு யார் போகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் இல்லை. அந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டென்னசி மாநிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறது.

நாஷ்வில் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் மர்ஃப்ரீஸ்பரோ என்ற ஊர். ரதர்ஃபோர்ட் கவுன்டியின் தலைநகரம். அங்குள்ள முஸ்லிம்கள் பல ஆண்டுகளாக அலுவலக வளாகம் ஒன்றில் இருந்த சிறிய கூடத்தில் தொழுதுவந்தார்கள். கூட்டம் பெருகியதால் 2009-இல் ஊருக்கு வெளியே சுமார் 15 ஏக்கர் வாங்கினார்கள். அந்தப் பகுதியில் வழிபாட்டுத் தலம் கட்டக் கவுன்டி விதியே இடம் கொடுத்திருந்தது. சிறப்பு அனுமதியோ பொது விசாரணையோ தேவையில்லை, கட்டட வரைபடத்தைத் திட்டக் குழு ஏற்றால் போதும். 2010 மே 24 அன்று குழு ஏற்றுக்கொண்டது. தேவாலயங்களுக்கும் இதே நடைமுறைதான்.

செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. ஜூன் மாதக் கவுன்டிக் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள். ஜூலையில் எதிர்ப்பு ஊர்வலம், ஆகஸ்டில் கட்டுமான இயந்திரத்துக்குத் தீ வைப்பு. செப்டம்பரில் வழக்கும் வந்தது. இஸ்லாம் ஒரு மதமே இல்லை என்றுகூட நீதிமன்றத்தில் வாதிட்டார்கள்! அது மதம்தான் என்று அமெரிக்க அரசின் வழக்கறிஞரே எழுத்துமூலம் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த வாதம் எடுபடவில்லை. எடுபட்டது வேறொன்று. மே மாதக் கூட்டத்துக்குக் கவுன்டி கொடுத்த அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் சிறிய எழுத்தில் வந்திருந்தது. கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம், அவ்வளவுதான். பள்ளிவாசல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மக்கள் இவ்வளவு அக்கறை காட்டும் விஷயத்துக்கு இந்த அறிவிப்பு போதாது என்று 2012 மே மாதம் மாநில நீதிபதி தீர்ப்பளித்தார். திட்டக் குழுவின் ஒப்புதல் ரத்தானது. கட்டடம் ஏறக்குறைய முடிந்த நிலையில், அதைப் பயன்படுத்துவதற்கான சான்றிதழைக் கவுன்டி கொடுக்கக் கூடாது என்ற உத்தரவும் வந்தது.

கவனியுங்கள், அறிவிப்பைக் கொடுத்தது கவுன்டி. தண்டனையோ பள்ளிவாசலுக்கு.

அக்கம்பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புவது நியாயமான விருப்பம்தான். போக்குவரத்து, தண்ணீர் பற்றிக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் தேவாலயங்களுக்குப் போதுமானதாக இருந்த அறிவிப்பு, பள்ளிவாசல் என்றதும் எப்படிப் போதாமல் போகும்? 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, நிலப் பயன்பாட்டில் ஒரு மதத்தாரை மற்ற மதத்தாரைவிடக் கீழாக நடத்தக் கூடாது என்கிறது. 2012 ஜூலை 18 அன்று மத்திய நீதித் துறை அந்தச் சட்டத்தின்படி கவுன்டி மீதே வழக்குத் தொடர்ந்தது. அன்றைக்கே மத்திய நீதிமன்றம் பள்ளிவாசலுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு கொடுத்தது. ஆகஸ்ட் 10, ரமளான் மாத வெள்ளிக்கிழமை, புதிய கட்டடத்தில் ஜும்ஆ நடந்தது. அடுத்த ஆண்டு மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய அறிவிப்பே சட்டப்படி போதுமானது என்று முந்தைய தீர்ப்பை மாற்றியது. 2014-இல் எதிர்த்தரப்பின் மனுவை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நான்கு ஆண்டுகள்! ஒரு சிறிய அறிவிப்புக்காக.

அமெரிக்காவில் ஜமாஅத் நிர்வாகத்தில் இருக்கும் நம்மவர்கள் நிலம் வாங்கும் முன்பே அந்த இடத்துக்கான விதியைப் படித்துவிட வேண்டும். கூட்ட அறிவிப்பு வெளியான பத்திரிகைப் பக்கத்தையும் கூட்டக் குறிப்பையும் நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும், வரைபடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டாரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். வாகனம் எங்கே நிற்கும், விளக்கு எத்தனை மணி வரை எரியும் என்று அவர்கள் கேட்பார்கள். பதிலோடு போகவேண்டும்.

நமக்கு வேலை இல்லாத மாதங்களிலும் கவுன்டிக் கூட்டம் நடக்கும். பல இடங்களில் பொதுமக்கள் எழுந்து சில நிமிடம் பேசலாம். சாலை, வடிகால், பள்ளிக்கூடம் பற்றிய பேச்சுக்கும் நம்மில் இருவர் போய் உட்கார்ந்திருந்தால், பள்ளிவாசல் வரைபடம் மேசைக்கு வரும் நாளில் நாம் அந்த அறைக்குப் புதியவர்களாக இருக்க மாட்டோம்.