பசங்க கையில ஆர்சி பக்கி: உடையாம ஓட 6 வழி, காசு கரையாம இருக்க 1 கணக்கு



போனஸ் வந்ததும் பையனுக்கோ, அக்கா பொண்ணுக்கோ ஒரு நல்ல ரிமோட் பக்கி வாங்கிக் கொடுக்கணும்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கு. நான் சொல்றது கடை வாசல்ல தொங்குற பொம்மை கார் இல்ல. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா கழட்டி மாத்தக்கூடிய, 1/10 அளவு ஹாபி கிரேடு பக்கி. விலை ஆயிரக்கணக்குல இருக்கும்.

வாங்கின ரெண்டாவது வாரமே முன்சக்கரம் உடைஞ்சு, பார்ட்ஸ் கிடைக்காம பரண்ல ஏறிடுச்சுன்னா? பணம் போச்சு. அதைவிட, அந்தக் குழந்தையோட ஆர்வமும் போச்சு. இதுக்கு 80சி-ல கழிவும் கிடையாது! அதனால காசு எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு பார்த்துடலாம்.

முதல்ல அடிப்படை. புதுசா ஓட்டுற பசங்க கண்டிப்பா இடிப்பாங்க. இடிச்சா எந்தப் பாகம் உடையணும்னு முன்கூட்டியே முடிவு பண்றதுதான் நம்ம வேலை. மோதுற சக்தி எங்கயாவது போய்த்தான் ஆகணும். அது விலை குறைஞ்ச பாகத்துல முடியணும். வீட்டு மெயின் போர்டுல ஃபியூஸ் போடுறது எதுக்கு? வயரிங் எரியறதுக்குப் பதிலா ஃபியூஸ் போகட்டும்னுதானே? அதே லாஜிக்தான்.

1. வேகத்தைக் குறைங்க (செலவு: பூஜ்யம்)

மோதலோட சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டர்ல மோதுறதுக்கும் 20-ல மோதுறதுக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதனால மற்ற எல்லாத்தையும்விட முக்கியமான மாற்றம் இதுதான்.

டிராக்ஸஸ் பாண்டிட் மாதிரி பக்கிகள்ல வர்ற எக்ஸ்எல்-5 ஸ்பீடு கன்ட்ரோலர்ல டிரெய்னிங் மோடுன்னே ஒண்ணு இருக்கு. முன்னாடி போற பவரையும் ரிவர்ஸ் பவரையும் 50% ஆக்கிடும். பிரேக் மட்டும் முழுசா இருக்கும். வேற வண்டின்னா ரிமோட்லயே த்ராட்டில் அளவைக் குறைக்கிற வசதி இருக்கான்னு பாருங்க. ரெண்டுமே இல்லையா? மோட்டார்ல இருக்கிற பினியன் கியரைக் கம்மி பல்லு உள்ளதா மாத்துங்க. டாப் ஸ்பீடு குறையும், மோட்டாரும் சூடாகாது. கியர் பொருந்துமான்னு மேனுவல்ல இருக்கிற அட்டவணையைப் பார்த்துட்டு வாங்குங்க.

2. எல்லாத்தையும் மெட்டல் ஆக்காதீங்க

ஆன்லைன்ல பளபளன்னு நீலக் கலர் அலுமினிய ஆர்ம் செட் பார்த்ததும் கை பரபரக்கும். பொறுங்க. பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைஞ்சு கொடுத்து பழைய நிலைக்கு வந்துடும். அலுமினியம் வளைஞ்சா வளைஞ்சதுதான், நேரா வராது. அது வளையலைன்னா இன்னும் மோசம்: அடி அப்படியே உள்ள போய், ஆர்மைப் பிடிச்சிருக்கிற பல்க்ஹெட்டையோ சேஸியையோ பிளந்துடும். சின்னச் செலவுல முடிய வேண்டியது பெரிய செலவாயிடும்.

ஆர்மை மாத்தணும்னா வளையுற நைலான் ஆர்ம் வாங்குங்க. ஆர்பிஎம் மாதிரி கம்பெனிகள் இதுக்குன்னே செய்றாங்க. ஸ்டியரிங்ல சர்வோ சேவர்னு ஸ்பிரிங் வச்ச ஒரு பாகம் இருக்கும். சக்கரத்துல விழுற அடியை அது வாங்கிக்கும், சர்வோவோட கியர் பல்லு தப்பிச்சுக்கும். ஸ்டியரிங் டைட்டா இருக்கட்டும்னு அதைப் பூட்டிடாதீங்க.

அலுமினியத்துக்குச் செலவு பண்ணியே ஆகணும்னா, ஷாக் அப்சார்பரோட மேல் மூடிக்குப் பண்ணுங்க. பலமா குதிச்சு இறங்கும்போது பிளாஸ்டிக் மூடி கழண்டு எண்ணெய் கொட்டுறது நின்னுடும்.

3. முன்னாடி பம்பர், உள்ள வலை டேப்

அகலமான முன் பம்பர் விலை குறைவு, பலன் அதிகம். சக்கரம் சுவத்துல மோதுறதுக்கு முன்னாடி பம்பர் மோதும். மேல் பாடி மெல்லிய பாலிகார்பனேட். பெயின்ட் உள்பக்கம் இருக்கிறதால அதுக்கு மேலயே உள்ளுக்குள்ள, முக்கியமா மூலைகள்ல, சுவர் விரிசலுக்கு ஒட்டுற ஃபைபர் வலை டேப்பை வச்சு, ஷூ ஒட்டுற ரப்பர் பசையைத் தடவிக் காய விடுங்க. வெளிய பார்த்தா தெரியாது, ஆனா கிழியாது.

4. கியரும் ஸ்க்ரூவும்

பினியனுக்கும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவுல ஒரு நோட்டுப் பேப்பர் துண்டை விட்டு, ரெண்டையும் அழுத்தி, மோட்டார் ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டு பேப்பரை உருவிடுங்க. அந்தப் பேப்பர் அளவு இடைவெளி போதும். இடைவெளி ஜாஸ்தியானா ஸ்பர் பல்லைத் தின்னுடும். குறைஞ்சா மோட்டார் திணறும். ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தா மேனுவல் சொல்ற அளவுல வைங்க. முழுசா இறுக்கினா ஒவ்வொரு குதிப்புலயும் அடி கியருக்குப் போகும்.

மெட்டலும் மெட்டலும் சேர்ற ஸ்க்ரூவுக்கு மட்டும் நீல நிற த்ரெட்லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்ல போகிற ஸ்க்ரூவுக்கு வேண்டாம். சில பிளாஸ்டிக்கை அது நொறுங்க வச்சுடும். தமியா கிராஸ்ஹாப்பர் மாதிரி கிட் வாங்கினா, கோக்கும்போதே பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலா பால் பேரிங் போட்டுடுங்க. பின்னாடி மாத்தணும்னா மறுபடி பிரிக்கணும்.

5. பேட்டரி: இங்க மட்டும் கஞ்சத்தனம் கூடாது

பசங்களுக்கு 6 செல், 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே தாராளம். லிப்போதான் வேணும்னா, குறைஞ்ச வோல்ட்டேஜ்ல தானா நிறுத்துற வசதி ஆன்ல இருக்கணும். எக்ஸ்எல்-5ல லைட் பச்சையா இருந்தா ஆன், சிவப்பா இருந்தா ஆஃப். சார்ஜ் போடுறது பெரியவங்க வேலை: பேலன்ஸ் மோடுல, தீப்பிடிக்காத இடத்துல, பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும். உப்பின லிப்போவை அன்னைக்கே ஓரங்கட்டுங்க.

6. ஓட்டுற பிள்ளைக்கு நாலு பழக்கம்

- முதல்ல ரிமோட் ஆன், அப்புறம் வண்டி ஆன். அணைக்கும்போது முதல்ல வண்டி.
- கவிழ்ந்தாலோ மாட்டிக்கிட்டாலோ த்ராட்டிலை உடனே விடணும்.
- சாலையிலயும் ஆளுங்க நடமாடுற இடத்துலயும் ஓட்டக்கூடாது.
- ஓட்டி முடிச்சதும் பிரஷ்ஷால மண்ணைத் தட்டி, ஸ்க்ரூ லூசான்னு பார்க்கணும். உப்புத் தண்ணி பக்கமே போகக்கூடாது.

இப்போ அந்தக் கணக்கு

உங்க மொத்த பட்ஜெட் 20,000 ரூபாய்னு வச்சுக்கங்க. 20,000-க்கும் வண்டியே வாங்கினா, முதல் உடைசல் கிரெடிட் கார்டுல ஏறும். நான் சொல்றது: வண்டிக்கு 16,000, மீதி 4,000 தனியா. அந்த 4,000-ல பம்பர், ஒரு ஜோடி முன் ஆர்ம், ஒரு ஸ்பர் கியர், கொஞ்சம் ஸ்க்ரூ முதல் நாளே வாங்கி வைங்க. மிச்சம்தான் ரிப்பேர் ஃபண்ட். எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நாம வீடியோல பேசுறோமே, அதோட குட்டித் தம்பி இது.

வண்டி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு செய்யுங்க. அந்த மாடலோட முன் ஆர்ம், ஸ்பர் கியர், சர்வோ மூணும் இங்க ஸ்டாக்ல கிடைக்குதா, என்ன விலைன்னு தேடுங்க. பார்ட்ஸ் கிடைக்கலைன்னா, 30% தள்ளுபடியில வந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

ரிப்பேர் ஃபண்ட் கணக்கை ஒரு நோட்டுல அந்தக் குழந்தையையே எழுதச் சொல்லுங்க. "ஆர்ம் 1, இவ்வளவு ரூபாய், மீதி இவ்வளவு"ன்னு ரெண்டு தடவை தன் கையால எழுதினா, மூணாவது தடவை சுவர் வர்றதுக்கு முன்னாடி விரல் தானா பிரேக்குக்குப் போகும்.