கூடையில் முளைத்த வெங்காயம்

மதுரைப் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பல்லாரி என்று பேர். வெறுமனே 'வெங்காயம்' என்று பெரியவர்கள் சொன்னால் அது சின்ன வெங்காயம்தான். ஐப்பசி ஈரத்தில் அது கூடையிலேயே பச்சை மூக்கை நீட்டும். குப்பைக்குப் போகிற அந்தக் காயைத்தான் மொட்டைமாடிக்கு ஏற்றச் சொல்கிறேன்.

வெங்காயத்தாளுக்காக விதை பாக்கெட் தேடி அலைய வேண்டாம். விதை போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். காயை ஊன்றினால் மூன்று, நான்கு வாரத்தில் தாள் நறுக்கலாம். சின்ன வெங்காயம் அடியில் பிரிந்து கொத்தாகக் கிளம்புகிற சாதி என்பதால் ஒரு காய்க்கே ஒரு கைப்பிடித் தாள் கிடைக்கும். ஆனால், புதுக் காய் உறக்கத்தில் இருக்கும், லேசில் முளைக்காது. விவசாயிகள் விதைக்காயைப் பட்டறையில் போட்டுச் சேமித்துவைத்து, பிறகு நடுவது இதனால்தான். வீட்டில் முளைத்தது இல்லையென்றால் உழவர் சந்தையில் பழைய காயாகக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறந்தது நம் மதுரை அண்ணா நகரில்தானே!

வேர் ஆழம் போகாது. அரையடித் தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து, நாலு விரல் இடைவெளியில், நுனி வெளியே தெரிகிற மாதிரி ஊன்றுங்கள். வெயில் நன்றாகப் பட வேண்டும். தண்ணீர் தேங்கினால் காய் அழுகிவிடும்.

எனக்குப் பாடம் கற்றுத்தந்தது எங்கள் வீட்டு போர் தண்ணீர். தாள் நுனி கருகியபோது நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தேன். மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உப்பு என்று புரிந்தது. வெங்காயம் உப்பைத் தாங்காது. பிடித்துவைத்த மழைத்தண்ணீருக்கு மாறியதும் புதுத் தாள் நுனிவரை பச்சையாக வந்தது. இலையில் வெள்ளிக் கோடுகள் ஓடினால் மட்டும் அது இலைப்பேன். அதற்கு வேப்பெண்ணெய் சரி.

அறுக்கும்போது பிடுங்காதீர்கள். தாள் வளர்வது அடியிலிருந்து, நுனியிலிருந்து அல்ல. இரண்டு விரல் உயரம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். பாசிப்பருப்போடு பொரியல் செய்ய இதைவிட இளசு கடையில் கிடைக்காது.

இரண்டு கொத்தை மட்டும் நறுக்காமல் விட்டுவையுங்கள். காய் முற்றும்போது தாள் தானாகச் சாயும். தோண்டிக் காயவைத்தால் அடுத்த நடவுக்கு விதைக்காய்.