பூட்டை மாற்றிவிட்டுச் சாவிக்கு விலை பேசும் திருடன்

இன்று நம் இல்லங்களில் உள்ள கணிப்பொறி, முந்தைய தலைமுறையினரின் இரும்புப் பெட்டிக்கு ஒப்பானது. மகளின் நிக்காஹ் படங்கள், மகனின் சான்றிதழ் நகல்கள், வீட்டுப் பத்திரம், கடையின் கொள்முதல் கணக்கு, வளைகுடாவில் இருப்பவரின் விசா ஆவணங்கள், மறைந்துவிட்ட வாப்பாவின் குரல் பதிவு என எத்தனையோ அதற்குள் இருக்கின்றன. இரும்புப் பெட்டியை உடைக்கும் திருடன் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். புதுக்காலத் திருடனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் மாற்றுகிறான். பிறகு புதிய சாவிக்கு விலை பேசுகிறான்.

இத்தொழிலுக்கென எழுதப்படும் தீய நிரல்களுக்கு ‘ரான்சம்வேர்’ என்று பெயர். ஆளைக் கடத்திவிட்டுப் பிணைப்பணம் கேட்பதுபோல், கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்பதால் இப்பெயர் வந்தது. இது நேற்று முளைத்ததன்று. 1989ஆம் ஆண்டிலேயே ஜோசப் பாப் என்னும் அமெரிக்க உயிரியல் ஆய்வாளர், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தட்டு என்று சொல்லிச் சுமார் 20,000 நெகிழ்தட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். அதைப் பயன்படுத்தியவர்களின் கணிப்பொறி பின்னர் முடங்கியது. பனாமா நாட்டு அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்பினால் சரியாகும் என்று திரையில் எழுத்து வந்தது. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் நிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூடத் தடுமாற வைத்ததைச் செய்தித்தாள்களில் வாசகர்கள் படித்திருக்கக்கூடும்.

மருத்துவமனைகளும் பெரிய நிறுவனங்களும் தாக்கப்பட்டால் செய்தியாகிறது. சாதாரணக் குடும்பங்களின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டால் யாரும் எழுதுவதில்லை. அவ்வாறு வீடுகளைக் குறிவைத்துப் பரவியவற்றுள் முதன்மையானது ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியூ’ எனப்படும் நிரல். இந்தியக் குடும்பங்களும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. இதன் போக்கை அறிந்துகொண்டால் ஏனையவற்றின் போக்கும் பெருமளவு புலப்படும்.

திருட்டு மென்பொருளின் வழியே

இந்த நிரல் நம் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நம் பிள்ளைகளே அழைத்து வருகிறார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய போட்டோஷாப்பையோ, ஆபீஸ் மென்பொருளையோ, விளையாட்டையோ இலவசமாகப் பெற ‘கிராக்’ என்ற பெயரில் இணையத்தில் தேடுகிறார்கள். தேடிய கோப்பு கிடைக்கிறது. அதனுடன் ஒரு குறிப்பும் இருக்கிறது: ‘நிறுவுவதற்கு முன் உங்கள் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்.’ காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வை என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆனாலும் பிள்ளைகள் அப்படியே செய்கிறார்கள், பெரியவர்களும் செய்கிறார்கள்.

தராசின் முள் ஒரு நூல் சாய்ந்தாலும் மறுமைக் கேள்விக்கு அஞ்சுகின்ற குடும்பங்களில்கூட, பிறர் உழைப்பில் உருவான மென்பொருளைக் களவாக ஏற்றுவது பிழையென்று எண்ணப்படுவதில்லை. இது தனியே பேச வேண்டிய செய்தி. இங்கு ஒன்றை மட்டும் சொல்லலாம்: கடிதம், கணக்கு எழுத ‘லிப்ரே ஆபீஸ்’, படங்களைத் திருத்த ‘ஜிம்ப்’ போன்றவை முறையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாணவனின் தேவைக்கு இவை தாராளமாகப் போதும்.

உள்ளே நுழைந்த நிரல், விண்டோஸ் புதுப்பிக்கப்படுவது போன்ற பொய்த்திரை ஒன்றைக் காட்டுகிறது. வீட்டார் பொறுமையாகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. விண்டோஸ் தானே எடுத்து வைத்திருந்த பழைய பிரதிகளும் அழிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு கடிதமும் இருக்கும். 980 டாலர் கொடு. 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். நம்பிக்கைக்கு ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். ஆடித் தள்ளுபடி போல் கெடு வைப்பது, வீட்டார் நிதானமாக யோசித்துவிடக் கூடாது என்பதற்காகவே.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கம்பியைப் பிடுங்குவதும் வைஃபை பெட்டியை அணைப்பதும் போதும். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எது சொருகியிருந்தாலும் உடனே கழற்றுங்கள். கண்ணெதிரிலேயே கோப்புகளின் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால், மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதே மேல், எஞ்சியவையாவது தப்பும். பதற்றத்தில் கோப்புகளின் பெயரை மாற்றிப் பார்ப்பதும், எல்லாவற்றையும் அழித்துவிடுவதும், தெருமுனைக் கடையில் கொடுத்து ‘பார்மட்’ செய்யச் சொல்வதும் கூடாது. பூட்டிய கோப்புகளும் அந்த மிரட்டல் கடிதமும் பின்னர் தேவைப்படும். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

அடுத்து, வேறொரு கணிப்பொறியிலிருந்து இது எந்த நிரல் என்பதைக் கண்டறிய வேண்டும். நெதர்லாந்துக் காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், இரண்டு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து 2016 ஜூலையில் ‘நோ மோர் ரான்சம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கின. பூட்டிய கோப்பு ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் அங்கே கொடுத்தால், எந்த நிரல் என்பதையும் அதற்குச் சாவி உண்டா என்பதையும் கட்டணமின்றிச் சொல்கிறது. அந்தரங்கமான ஆவணங்களைத் தவிர்த்து, யார் பார்த்தாலும் பாதகமில்லாத ஒரு கோப்பையே அனுப்புங்கள்.

நிரலை நீக்குவது ஒரு வேலை, கோப்புகளை மீட்பது வேறொரு வேலை. இரண்டையும் பலர் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆன்டிவைரஸ் திருடனை வெளியேற்றும். அவன் போட்ட பூட்டை அது திறக்காது. ஆயினும் முதலில் திருடனை வெளியேற்றியாக வேண்டும். ஏனெனில் டிஜேவியூ, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் எழுந்து, புதிதாக வந்த கோப்புகளையும் பூட்டுமாறு ஏற்பாடு செய்துவிட்டே ஓய்கிறது. பாதுகாப்பு நிறுவனங்களின் இணையதளங்களைத் திறக்க முடியாதபடியும் செய்துவைக்கிறது.

விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்றொரு வசதி இருக்கிறது. விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதனை நடப்பதால் நிரல் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதன்பின், பூட்டிய கோப்புகளை ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்து எடுத்து வைத்துவிட்டு, சுத்தமான வேறு கணிப்பொறியில் தயாரித்த பென் டிரைவிலிருந்து விண்டோஸை முற்றிலும் புதிதாக நிறுவிவிடுவதே என் கருத்தில் மிகச் சிறந்த வழி. அரைகுறைத் துப்புரவில் மனநிம்மதி இருக்காது.

டிஜேவியூவுடன் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களும் சேர்ந்தே வருவதுண்டு. ஆகவே மின்னஞ்சல், வங்கி, முகநூல் கடவுச்சொற்கள் அனைத்தையும், பாதிப்பில்லாத கைப்பேசியிலிருந்து அன்றே மாற்றுங்கள். படங்கள் போனதே என்ற கவலையில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கில் பணம் குறைந்த பிறகே நினைவுக்கு வருகிறது.

சாவி கிடைக்குமா?

சில சமயம் கிடைக்கும். டிஜேவியூ தன் எசமானனின் சர்வருடன் தொடர்புகொண்டு, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிச்சாவி ஒன்றைப் பெற முயல்கிறது. தொடர்பு கிட்டாதபோது தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டுகிறது. அந்தப் பொதுச் சாவி ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்துவிட்டால், அதே வகையில் அதே சாவியால் பூட்டப்பட்ட அனைவரின் கோப்புகளும் திறந்துவிடும். எம்சிசாஃப்ட் என்னும் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கான இலவசக் கருவியை வெளியிட்டது. மிரட்டல் கடிதத்தில் உள்ள அடையாளக் குறி ‘டி1’ என்று முடிந்தால் அது பொதுச் சாவி, நம்பிக்கைக்கு இடமுண்டு. தனிச்சாவியானால் பெரும்பாலும் அக்கருவி உதவாது.

அப்போதும் முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. இந்நிரல் வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. சிறிய கடிதம் முழுதும் போய்விடும்; ஆனால் பெரிய வீடியோவிலும் நீண்ட ஒலிப்பதிவிலும் பெரும்பகுதி கெடாமலிருப்பதால், அவற்றைச் சீர்செய்யும் கருவிகளால் பலவற்றை மீட்க முடிகிறது. வாப்பாவின் குரல் இப்படித் திரும்பக் கிடைக்கலாம். உறவினர்களின் வாட்ஸ்அப், பழைய கைப்பேசி, புகைப்படக்காரரின் மெமரி கார்டு ஆகியவற்றையும் தேடுங்கள். திறக்க முடியாதவற்றைப் பத்திரமாக வையுங்கள். ‘டெஸ்லாகிரிப்ட்’ என்னும் நிரலை நடத்தியவர்கள் 2016 மே மாதம் கடையை மூடியபோது, தலைமைச் சாவியைத் தாமே வெளியிட்டார்கள். கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் பயனடைந்தார்கள்.

பணம் கொடுக்கலாமா? கூடாது என்பதே உலகெங்கும் காவல்துறையினர் தரும் அறிவுரை. கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்கிய பணம் அடுத்த வீட்டைத் தாக்கும் முதலாகிறது. கட்டணம் கொடுத்தால் எதையும் திறந்து தருவோம் என்று விளம்பரம் செய்வோரிடமும் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் 1930 என்ற எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ முறையிடலாம்.

இனி வராதிருக்க

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. அதற்கும் முற்பட்ட விண்டோஸ் 7ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்போர் அதில் இணையம் பார்ப்பதையாவது நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு உண்டாக்கி, புதிய மென்பொருளை நிறுவும் அதிகாரத்தைப் பெற்றோர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். கோப்புகளின் வால்பெயர் தெரியுமாறு அமைத்துக்கொண்டால், ‘பில்’ என்ற பெயரில் பிடிஎஃப் வேடமிட்டு வரும் ‘இஎக்ஸ்இ’ அடையாளம் தெரிந்துவிடும். டிஃபெண்டரில் முக்கியமான கோப்புறைகளை அந்நிய நிரல்கள் தொடாமல் காக்கும் அமைப்பும் உண்டு. அதை நாமே இயக்கிவிட வேண்டும்.

இவையெல்லாம் தவறினாலும் கைகொடுப்பது நகல் ஒன்றுதான். அந்த நகல் எப்போதும் கணிப்பொறியிலேயே சொருகியிருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். இணையச் சேமிப்பும் கணிப்பொறியோடு தானாக இணைந்திருந்தால் பூட்டிய கோப்பே அங்கும் போய்ச் சேரும். பழைய பிரதியைச் சில நாட்கள் காத்துவைக்கும் வசதி அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை வாங்கி, மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்னொரு நகல் தங்கை வீட்டிலோ மாமி வீட்டிலோ இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை வேறு கணிப்பொறியில் சொருகி, நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள்.