கப்பல் பயணத்தில் கடவுச்சீட்டை வாங்கி வைத்தல்

கப்பல் பயணத்தில் கடவுச்சீட்டை வாங்கி வைத்தல் என்பது, உல்லாசக் கப்பலில் ஏறும் பயணிகளின் கடவுச்சீட்டுகளை (பாஸ்போர்ட்) கப்பல் நிறுவனம் ஏறும் துறைமுகத்திலேயே பெற்றுக்கொண்டு, பயணம் முடியும் வரையோ ஒரு குறிப்பிட்ட நாட்டைக் கடக்கும் வரையோ தன் பொறுப்பில் வைத்திருக்கும் நடைமுறையாகும். எல்லாக் கப்பல்களிலும் இது கிடையாது. போகும் நாடுகளின் குடிவரவு விதிகளைப் பொறுத்து, ஒரே நிறுவனத்தின் ஒரு பயணத்தில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. விமானப் பயணத்தில் கடவுச்சீட்டைக் கையைவிட்டு இறக்காமலேயே பழகியவர்களுக்கு, முதல் நாளே அதை முன்பின் தெரியாத ஊழியரிடம் கொடுக்கச் சொல்வது திகைப்பைத் தருவது இயல்பே.

தமிழ்நாட்டில்

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் சேவையை 2022 சூன் 4 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் நடந்தவை உள்நாட்டுப் பயணங்கள். வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறங்காத இத்தகைய பயணத்துக்கு ஆதார் போன்ற ஒளிப்பட அடையாள அட்டை போதும். 2023 சூனில் கப்பல் இலங்கைக்குச் செல்லத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அதன் வழியில் இருந்தன. அப்போதுதான் கடவுச்சீட்டு பற்றிய கேள்வி இங்குள்ள பயணிகளுக்கும் எழுந்தது.

திண்டுக்கல் நகரத்திலிருந்தோ வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் போன்ற சமவெளி ஊர்களிலிருந்தோ கப்பலேற நினைப்பவர் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலோ பேருந்திலோ சென்னை போக வேண்டும். ஏறக்குறைய அதில் பாதித் தொலைவில் இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் படகுச் சேவை தொடங்கியது. இடைநின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் நடக்கத் தொடங்கியது. இரண்டும் கடல்வழியே இலங்கைக்குப் போகும் பயணங்கள்தாம். ஆனால் படகில் போகிறவர் நாகப்பட்டினத்தில் தன் கையாலேயே கடவுச்சீட்டை நீட்டி முத்திரை பெறுகிறார். சில மணி நேரத்தில் மறுகரையில் மீண்டும் நீட்டுகிறார். ஒரு புறப்பாடு, ஒரு வருகை. இடையில் யாரும் அதை வாங்கி வைக்கத் தேவையில்லை. உல்லாசக் கப்பலின் கணக்கு வேறு.

ஏன் வாங்குகிறார்கள்

பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் இரண்டாயிரம், மூவாயிரம் பயணிகள் இருப்பார்கள். கப்பல் காலை ஏழு மணிக்கு ஒரு துறைமுகத்தில் கட்டும், மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். விமான நிலையத்தைப் போல ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்திச் சரிபார்த்தால் பாதிப் பேர் ஊர் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பல நாடுகள் கப்பலை ஒரு தொகுதியாகக் கணக்கிட்டு அனுமதி அளிக்கின்றன. கப்பல் வந்து சேருமுன்பே பயணிகள் பட்டியல் துறைமுக முகவர் வழியாகக் குடிவரவுத் துறைக்குப் போய்விடும். கப்பல் கட்டியதும் அலுவலர்கள் ஏறி, ஒரு அறையில் பட்டியலின் வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கடவுச்சீட்டுகளைப் பார்த்து, தேவையானால் முத்திரையிடுவார்கள். சில வேளைகளில் அவர்கள் முந்தைய துறைமுகத்திலேயே ஏறி, இரவுப் பயணத்தின்போது வேலையை முடித்துவிடுவதும் உண்டு. பயணி அப்போது தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பார். கடவுச்சீட்டு அவர் பையிலேயே இருந்தால் இந்த வேலை நடக்காது.

இந்த அடுக்குக்குப் பொறுப்பாளர் கப்பலின் பர்சர் எனப்படும் கணக்கு அலுவலரும் அவருக்குக் கீழுள்ளோரும் ஆவர். பயணிக்கு அதற்குப் பதிலாகக் கப்பல் அட்டை ஒன்று தரப்படும். அறைக் கதவைத் திறப்பது, கடையில் வாங்குவது, கப்பலைவிட்டு இறங்கி ஏறுவது எல்லாம் அந்த அட்டையில்தான். ஏறும்போது எடுத்த ஒளிப்படம் அட்டையோடு இணைக்கப்பட்டிருப்பதால், திரும்பி வருபவர் அதே ஆள்தானா என்பது வாயிலிலேயே திரையில் தெரிந்துவிடும். கரையில் இறங்கும்போது சில நாடுகளில் இந்த அட்டையோடு கடவுச்சீட்டின் நகல் போதும். சில நாடுகளில் தரையிறங்கும் சீட்டு தனியாகத் தரப்படும். நேருக்கு நேர் பார்த்துத்தான் விடுவோம் என்று சொல்லும் நாடுகளும் உள்ளன. அங்கே அன்று காலை கடவுச்சீட்டு பயணியிடம் கொடுக்கப்பட்டு, சோதனை முடிந்ததும் திரும்ப வாங்கப்படும். கடைசித் துறைமுகத்துக்கு முந்தைய நாள், தளம் தளமாக அழைத்துக் கையொப்பம் பெற்றுத் திருப்பிக் கொடுப்பது வழக்கம்.

கப்பலில் செலவழித்த பணத்துக்கு ஈடாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்ற ஐயம் பயணிகளிடையே உண்டு. அது சரியான விளக்கம் அல்ல. செலவுக்குக் கடனட்டையோ முன்பணமோ ஏறும்போதே பதிவாகிவிடுகிறது.

நடைமுறை குறைந்துவரும் காரணம்

கப்பல், பயணிகள், சரக்கு ஆகியவற்றின் துறைமுகத் தாள் வேலையைச் சுருக்க, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கீழ் 1965-இல் ஓர் உடன்படிக்கை உருவானது. பயணிகள் பட்டியலுக்கு ஒரு பொதுப் படிவம் அதிலிருந்து வந்ததே. அந்த உடன்படிக்கையின்படி தகவலை மின்னணு முறையில் பரிமாறுவது 2019 ஏப்ரல் 8 முதல் கட்டாயமாயிற்று. 2024 சனவரி 1 முதல் அனைத்தையும் ஒற்றைச் சாளர முறையில் பெற வேண்டும் என்பதும் கட்டாயமானது. பட்டியல் முன்கூட்டியே கணினியில் வந்து சேரும்போது, தாள் அடுக்கைப் புரட்ட வேண்டிய தேவை குறைகிறது. ஆயினும் முத்திரையை வலியுறுத்தும் நாடுகள் இருக்கும்வரை அடுக்கும் இருக்கும். விசா இல்லாமல் பல நாடுகளுக்குள் போக முடிந்தவர்களைவிட, விசாப் பக்கத்தைக் காட்ட வேண்டிய இந்தியர்களின் கடவுச்சீட்டுகள் கூடுதலாகப் புரட்டப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியக் கடவுச்சீட்டு அதை வைத்திருப்பவரின் சொத்து அல்ல. 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுகள் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி அது எப்போதும் நடுவண் அரசின் சொத்து. பணம் கட்டி வாங்கியவருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் இதில் அவருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: அரசின் சொத்தை ஒரு தனியார் தன் விருப்பப்படி பிடித்து வைக்க முடியாது, அடகாகவும் கொள்ள முடியாது.

கடவுச்சீட்டை முடக்கும் அதிகாரம் 10-ஆவது பிரிவின் கீழ்க் கடவுச்சீட்டு அதிகாரிக்கு உரியது. 1977 சூலையில் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு முடக்கப்பட்டபோது எழுந்த வழக்கில், 1978 சனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் வெளிநாடு செல்லும் உரிமையைத் தனிமனித விடுதலையின் பகுதியாகக் கொண்டு, நியாயமான நடைமுறையின்றி அதைப் பறிக்கக்கூடாது என்றது. அதைவிட இங்கே பொருந்துவது 2008 சனவரியில் வந்த சுரேஷ் நந்தா வழக்கின் தீர்ப்பு. நடுவண் புலனாய்வுத் துறை சோதனையின்போது எடுத்த கடவுச்சீட்டைத் தானே வைத்துக்கொண்டது. கைப்பற்றுதல் வேறு, முடக்குதல் வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. கைப்பற்றுவது ஒரு கணத்தில் முடிகிற செயல். அதைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் அது முடக்கம் ஆகிவிடும். காவல்துறைக்கு அந்த அதிகாரம் இல்லை, கடவுச்சீட்டு அதிகாரிக்கே உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

காவல்துறைக்கே இந்த வரம்பு என்றால் கப்பல் நிறுவனம் எப்படி வாங்குகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, பயணி தானே ஒப்படைக்கிறார். பயணச்சீட்டின் நிபந்தனைகளில் அதற்கு இசைவும் தந்திருக்கிறார். மற்றொன்று, நோக்கம் குடிவரவுச் சோதனை. அது முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். இந்த இரண்டில் எது இல்லாமல் போனாலும், அதாவது இசைவு இல்லாவிட்டாலும் கேட்டபோது திருப்பித் தராவிட்டாலும், அதே செயலின் தன்மை மாறிவிடுகிறது. மேலும், உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பகாமாசு, பனாமா, மால்ட்டா போன்ற நாடுகளின் கொடியேற்றியவை. நடுக்கடலில் கப்பலுக்குள் நடப்பதற்குப் பெரும்பாலும் கொடியின் நாட்டுச் சட்டமே பொருந்தும்.

கப்பல் பணியாளர்களுக்கு விதி இன்னும் தெளிவாக உள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 185-ஆவது உடன்படிக்கையின்படி (2003), கடலோடியின் அடையாள ஆவணம் எப்போதும் அவரிடமே இருக்க வேண்டும்; கப்பல் தலைவர் பாதுகாப்புக்காக வைத்திருக்க வேண்டுமானால் கடலோடியின் எழுத்துமூல இசைவு வேண்டும். இந்தியா இதை 2015-இல் ஏற்றது. விடுமுறைக்கு வரும் பயணிக்கு இப்படி ஒரு தனி உடன்படிக்கை இல்லை.

வேலைக்குப் போகிறவரின் கடவுச்சீட்டு

திண்டுக்கல் பகுதியில் உல்லாசக் கப்பலில் போனவர்களைவிட, வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களே மிகுதி. அவர்கள் சந்திக்கும் சிக்கல் வெளித்தோற்றத்தில் இதே போன்றது: போய் இறங்கியதும் முதலாளி கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். ஆனால் கப்பலில் கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் நாள் தெரியும், இவருக்குத் தெரியாது. பல நாடுகளின் சட்டம் இதைத் தடுக்கிறது. மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, உரிய அதிகாரமின்றிப் பிறருடைய கடவுச்சீட்டை வைத்திருப்பது குற்றம். 10,000 ரிங்கிட் வரை தண்டமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கத்தாரின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், வசிப்பு அனுமதி வேலைகள் முடிந்ததும் கடவுச்சீட்டைத் தொழிலாளியிடம் திருப்பித் தரச் சொல்கிறது. மீறினால் 25,000 ரியால் வரை தண்டம். சட்டம் இருந்தும் நடைமுறை தொடர்வதற்குக் காரணம், கேட்பவர் வேலையை இழக்க அஞ்சுவதுதான்.

தமிழர் வரலாற்றில் இதற்கு ஒரு முன்வடிவம் உண்டு. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்திலிருந்தும் திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் ‘துண்டு’ என்னும் தாளுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். இத்தனை ரூபாய்க் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அது இல்லாமல் வேறு தோட்டம் அவர்களை ஏற்காது. சீட்டு இருந்ததோ கங்காணியின் கையில். ஆளின் கடனும் அதோடு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. இம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தவறினால்

பயணி நோய்வாய்ப்பட்டு இடையிலேயே இறக்கப்பட்டால் கடவுச்சீட்டைத் துறைமுக முகவரிடம் ஒப்படைப்பது கப்பலின் வேலை. கரையில் ஊர் சுற்றப் போனவர் நேரத்துக்குத் திரும்பாவிட்டாலும் அப்படியே. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகள் பின்தங்கி, கப்பல் போய்விட்டது. அறைப் பெட்டகங்களில் இருந்த கடவுச்சீட்டுகளை எடுத்து உள்ளூர் முகவரிடம் கொடுத்துவிட்டே கப்பல் கிளம்பியது. கடவுச்சீட்டு பயணியிடமே இருக்கிற கப்பல்களிலும், அவர் அதைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு இறங்கினால், பிறர்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது.

கப்பலே மூழ்கினால் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். 2012 சனவரி 13 இரவு இத்தாலியின் சீல்யோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது கப்பலில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். தப்பியவர்களில் பலர் எந்த ஆவணமும் இன்றிக் கரையேறினர். பிறகு அவரவர் தூதரகத்தை நாட வேண்டியதாயிற்று.

வெளிநாட்டில் கடவுச்சீட்டை இழந்த இந்தியர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, அந்த நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்று அங்கே கிடைக்கும். அதைக் கொண்டு அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியாது, இந்தியாவுக்குத்தான் வரலாம்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

ஒப்படைக்கும்போது பெயரும் அறை எண்ணும் குறித்த ரசீது கேட்டு வாங்கலாம்; கேட்பதில் தவறில்லை. முதற்பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றின் நகலை இரண்டாக எடுத்து, ஒன்றைக் கையிலும் ஒன்றை வீட்டிலும் வைப்பது நல்லது. செல்பேசியில் மட்டும் படம் எடுத்து வைத்தவர்கள், செல்பேசியும் சேர்ந்து தொலைந்தபோது தவித்திருக்கிறார்கள். கப்பல் கிளம்பும் நாட்டுக்கே திரும்பி வருவதானால் அது மறுபடியும் ஒரு நுழைவாகக் கணக்கிடப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியா சென்று சிங்கப்பூரில் இறங்கும் இந்தியருக்கு, பலமுறை நுழைய இடந்தரும் விசா வேண்டும். கடவுச்சீட்டு திரும்பக் கைக்கு வந்ததும் பெயரையும் முத்திரையையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஒரே பெயருள்ள இருவரின் கடவுச்சீட்டு மாறிப்போவது கப்பலில் எளிது. ஊர் வந்து சேர்ந்தபின் சரிசெய்வது எளிதல்ல.

தொலைந்ததாகப் புகார் தந்த கடவுச்சீட்டு நீக்கப்பட்டுவிடும். பின்னர் கப்பல் நிறுவனம் அதைக் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பினாலும் பயன்படுத்த முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தவர் மறுவழங்கலுக்கு மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழைய கடவுச்சீட்டின் நகல் கையில் இருந்தால் எண்ணும் வழங்கிய நாளும் தேடாமல் கிடைக்கும்.