க்ரீம் இல்லாமல் பரங்கிக்காய் சூப்

சூப் வழவழப்பாக வர க்ரீமோ சோள மாவோ கட்டாயம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பரங்கிக்காய்க்கு இரண்டுமே தேவையில்லை. விளைந்த காயின் சதையில் மாவுச்சத்தும் பெக்டினும் இருக்கின்றன. குழைய வேகவைத்து அரைத்தால் அவையே சூப்புக்குக் கெட்டித்தன்மை தரும். குறைவது கொழுப்பு மட்டும்தான். அதற்கு முந்திரியும் தேங்காய்ப்பாலும் போதும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் பால் பொருட்களைத் தவிர்ப்பவர்களும் தயங்காமல் குடிக்கலாம்.

சுவையில் பாதி காயைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிவாகிவிடும். கடையில் வெட்டி வைத்திருக்கும் கீற்றைப் பாருங்கள். சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்திலும் விதைகள் பருத்தும் இருக்க வேண்டும். தோல் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் நன்றாக விளைந்த காய். பிஞ்சுக் காய் கூட்டுக்கு ஆகும். சூப்பில் தண்ணீராக நிற்கும்.

நான்கு பேருக்குத் தேவையானவை: தோல், விதை நீக்கிய பரங்கிக்காய் அரைக் கிலோ, பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, முந்திரி 10, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் முக்கால் கப், எண்ணெய் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சை.

முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பூண்டு, இஞ்சியை வதக்கி, பரங்கித் துண்டுகளையும் உப்பையும் சேருங்கள். உடனே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இந்தக் காயில் பெரும்பகுதி நீர்தான். மிதமான தீயில் பத்து நிமிடமாவது வதக்கினால் அந்த நீர் வற்றும், துண்டுகளின் ஓரம் லேசாகச் சிவக்கும், பச்சை வாடை போய் இனிப்பு மேலே வரும். குக்கரில் தண்ணீரோடு போட்டு விசில் விட்டு இறக்கினால் காய் வெந்துவிடும். இந்த மணம் கிடைக்காது.

பிறகு 2 கப் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். கரண்டியால் அழுத்தினால் துண்டு தானாக மசிய வேண்டும். அரைவேக்காட்டில் எடுத்தால் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் திப்பி தட்டும்.

அடுப்பை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு ஊறிய முந்திரியோடு மிக்ஸியில் அரையுங்கள். சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தள்ளி, சூப் கையில் தெறித்துவிடும். முந்திரி நைசாக அரைபட்டால்தான் க்ரீமின் பதம் வரும்; அதனால் முதலில் தண்ணீரைக் குறைவாக விட்டு அரைத்து, மீதியைப் பிறகு சேர்ப்பது நல்லது.

அரைத்ததை மறுபடி அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். திருநெல்வேலிச் சொதி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: முதல் பால் கடைசியில், அதுவும் கொதிக்க விடாமல். தளதளவென்று கொதித்தால் பாலிலுள்ள புரதம் திரண்டு எண்ணெய் பிரிந்துவிடும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

பரங்கியின் இனிப்பு தனியாக நின்றால் நாலு வாய்க்கு மேல் திகட்டும். மிளகுத்தூளும், இறக்கிய பின் பிழியும் எலுமிச்சையும் அதைச் சமன்படுத்தும். ஒதுக்கி வைத்த விதைகளைக் கழுவிக் காயவைத்து, தோலுரித்து வறுத்து மேலே தூவலாம்.

தேங்காய்ப்பாலின் கொழுப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. பரங்கிக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கொழுப்பில் கரையும் சத்து என்பதால், கொழுப்போடு சாப்பிடும்போதுதான் அது நன்றாக உட்கிரகிக்கப்படும்.

தேங்காய்ப்பால் சேர்த்த சூப்பை அன்றே குடித்துவிடுங்கள். மறுநாளைக்கும் வேண்டுமென்றால், அரைத்த விழுதில் பாதியைப் பால் சேர்க்காமல் எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வேண்டும்போது சூடாக்கிப் புதிதாகப் பால் ஊற்றினால், முதல் நாள் சுவை குறையாமல் கிடைக்கும்.