ஞானப்பல்லைக் களைதலும் காத்தலும்

கண்டி மாநகர் உலகறிய விளங்குவது ஒரு பல்லினால் எனலாம். தலதா மாளிகையிற் போற்றப்படும் புனிதச் சின்னம் ஒரு வேட்டைப்பல் என்பது பௌத்தர் மரபு. அந்நகரிலிருந்து கொழும்பு வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் மேற்கே செல்வோர் கடுகண்ணாவையை அடைவர். அவ்வூரில் வாழும் பத்தொன்பது வயது மாணவன் ஒருவனை மனத்திற் கொள்வோம். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் மூன்று திங்களே உள. ஒருநாட் காலையிற் கீழ்த்தாடையின் கோடியில் முரசு வீங்கி, வாயைத் திறக்கவும் உணவை விழுங்கவும் இடர்ப்படுகின்றான். கண்ணாடியில் நோக்குகையிற் கடைக் கொடுப்பில் வெண்மையான ஒரு முனை தெரிகின்றது. தந்தையார் உடனே பிடுங்கிவிடலாம் என்கின்றார். பாட்டியாரோ, தானாக வருவதைத் தடுக்கலாகாது, முளைத்தபின் நோ அடங்கும் என்கின்றார். இவ்விருவருள் யாவர் கூற்று ஏற்புடைத்து என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

மூன்றாம் கடைவாய்ப்பல் என உடற்கூற்று நூலார் வழங்கும் இப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வெளிப்படுவது. மேலிரண்டு, கீழிரண்டு ஆக நான்கு. அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் ஞானப்பல் எனப் பெயர்பெற்றது. கிரேக்கரும் உரோமரும் இக்கருத்துப்படவே இதற்குப் பெயரிட்டனர். அரிஸ்டோட்டில் தமது விலங்கு நூலில், எண்பது வயது கடந்த மாதர் சிலர்க்கும் இப்பல் பெருவேதனையுடன் தோன்றியதுண்டு எனக் குறித்துள்ளார். ஞானம் பிந்தியும் வரலாம் போலும்!

நம் நாட்டு வைத்திய மரபும் இப்பல்லை அறியாததன்று. சுச்ருத சங்கிதையின் நிதானப் பகுதியில் வாய்நோய்களை வகுக்குமிடத்து இரு நோய்கள் கூறப்படுகின்றன. ஒன்று, தாடையின் கடைசிப் பல்லருகே பெருவீக்கமும் பெருநோவும் கொண்டு எச்சில் ஒழுகச் செய்யும் அதிமாம்சம். மற்றையது, வாதத்தின் மிகுதியால் மேலதிகமாக ஒரு பல் கடுநோவுடன் முளைத்தலும், முளைத்தபின் நோ தணிதலும் ஆகிய வர்த்தனம். முன்னதற்கு மிகுந்த தசையை அரிந்து, வசம்பு முதலியவற்றின் சூரணத்தைத் தேனிற் குழைத்து இடுமாறும், பின்னதற்குப் பல்லை நீக்கி அவ்விடத்தைச் சுடுமாறும் அந்நூல் விதிக்கின்றது. நம் மாணவனின் தந்தையார், பாட்டியார் ஆகிய இருவர் பக்கமும் ஈராயிரம் ஆண்டளவு பழமையான சான்று உண்டென்பது இதனாற் புலப்படும். மேற்றாடைப் பல்லை, அஃது ஆடினும், பிடுங்கலாகாது என அந்நூல் எச்சரிப்பதும் நினைக்கத்தக்கது. குருதிப்பெருக்கை அஞ்சியே அவ்வாறு கூறினர். இக்கால அனுபவம் இதற்கு மாறானது: மேல் ஞானப்பல் பெரும்பாலும் எளிதிற் கழலும், தொல்லை தருவது கீழ்ப் பல்லே.

இத்தொல்லைக்கு அடிப்படை இடமின்மை. பற்களின் பருமை பெரிதும் பிறப்பு வழி அமைவது. தாடையின் நீளமோ இளமையில் மெல்லும் உணவின் வன்மையாலும் ஓரளவு தூண்டப்பெறுவது. குறுவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென, கித்துள்கலையைச் சார்ந்த பெலிலென முதலிய குகைகளில் வாழ்ந்த தொல்மாந்தரைப் பலாங்கொடை மனிதர் என ஆய்வாளர் வழங்குவர். அவர்தம் எலும்புகளை ஆராய்ந்தோர் வலிய தாடைகளையும் பெரிய பற்களையும் கண்டனர். காட்டுக் கொட்டைகளையும் வேட்டை இறைச்சியையும் மென்ற வாய்க்கு முப்பத்திரண்டு பல்லும் வேண்டியிருந்தன. குழைந்த சோறும் பாணும் உண்ணும் நமது வாய்க்கோ இருபத்தெட்டே போதுமானவை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர்க்கு ஒரு ஞானப்பல்லாயினும் பிறப்பிலேயே இல்லை எனவும், நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர்க்கு ஒன்றேனும் எலும்பிலோ முரசிலோ சிக்குண்டு கிடக்கின்றது எனவும் கணித்துள்ளனர்.

சிக்குண்ட பல் எல்லாம் நோயுற்ற பல் அன்று. இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே தீர்மானம் பிழைபடுகின்றது. முற்றாக எலும்பினுள் உறங்கும் பல் ஆயுள் முழுதும் தீங்கின்றிக் கிடத்தல் கூடும். நேராக எழுந்து எதிர்ப்பல்லோடு பொருந்துவது பயனுள்ள பல். பாதி வெளியே, பாதி உள்ளே என நிற்பதே அஞ்சத்தக்கது. அதன் தலைமேல் முரசின் மடிப்பொன்று கூரைபோற் கவிந்திருக்கும். அம்மடிப்பின்கீழ்ச் சோற்றுப் பருக்கையும் கிருமியும் ஒதுங்கும்; தூரிகை அங்கே எட்டாது. முரசு வீங்கியதும் மேற்பல் அதன்மேற் கடிக்கும். கடித்த இடம் மேலும் வீங்கும். சுச்ருதர் அதிமாம்சம் என்றது பெரும்பாலும் இதனையே ஆகலாம். நம் மாணவனுக்கு நேர்ந்ததும் இதுவே.

இந்நிலையிற் பல்லை அன்றே பிடுங்குமாறு வற்புறுத்துதல் தகாது. முதலில் வேண்டுவது அழற்சியைத் தணித்தல். பல் வைத்தியர் மடிப்பின் கீழ்ப்பகுதியைக் கழுவித் துப்புரவாக்குவார். இளஞ்சூடான உப்புநீராற் பன்முறை கொப்பளிக்கப் பணிப்பார். மேற்பல் கடிக்குமாயின் அதனைத் தேய்ப்பார் அல்லது நீக்குவார். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இல்லாதவிடத்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெரும்பாலும் வேண்டுவதில்லை. கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளில் விளையும் கராம்பின் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்தல் நம்மவர் வழக்கம். அதிலுள்ள யூஜினோல் என்னும் பொருள் நோவை மரக்கச் செய்வது உண்மை. ஆயினும் கலப்பற்ற எண்ணெய் முரசைப் புண்ணாக்கும். அஸ்பிரின் மாத்திரையை நோவுள்ள இடத்தில் அடக்கி வைப்பது அதனினும் கேடு. தாடையின்கீழ் வீக்கம் பரவுதல், வாய் ஒரு விரலளவுகூடத் திறவாமை, விழுங்க இயலாமை, மூச்சு முட்டுதல் ஆகியன தோன்றின், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கழுத்தின் ஆழத்தே பரவும் சீழ் உயிரையும் மாய்க்கவல்லது.

வீக்கம் தணிந்தபின்னரே தீர்மானிக்கும் காலம். அதற்குக் கதிர்ப்படம் இன்றியமையாதது. இரு தாடையையும் ஒருங்கே காட்டும் அகலப்படத்தில் பல்லின் சாய்வும், வேரின் வளர்ச்சியும், முன்நிற்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் நிலையும், கீழ்த்தாடை நரம்பு செல்லும் கால்வாயும் தோன்றும். கடுகண்ணாவையார்க்கு இவ்வகையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. இலங்கையிற் பல்வைத்தியப் பட்டக்கல்வி 1943 இல் கொழும்பில் தொடங்கி 1954 இற் பேராதனைக்குப் பெயர்க்கப்பெற்றது. பல்லாண்டுகளாக நாட்டின் ஒரே பல்வைத்திய பீடம் அதுவாகவே இருந்தது. யப்பானிய உதவியால் 1998 இற் புதிய கட்டடங்களும் பெற்ற அப்பீடத்தைச் சார்ந்த போதனா வைத்தியசாலை, கண்டி வீதி வழியே இவ்வூரார் எளிதிற் சென்றடையத்தக்க தொலைவில் உள்ளது.

இனி, நோயில்லாத பல்லை வருமுன் காக்கும் எண்ணத்தாற் களைதல் தகுமா என்பது. இது பற்றி மேனாட்டறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் இளைஞர் பலர்க்கு நான்கு பல்லையும் ஒருசேர அகற்றுதல் வழக்கமாயிற்று. பிரித்தானியாவிலோ, நைஸ் என்னும் அரச நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் நோயற்ற சிக்குண்ட பல்லைக் களைவதைக் கைவிடுமாறு நெறி வகுத்தது. கடுமையற்ற முதல் அழற்சிக்காகப் பல்லைக் களைய வேண்டுவதில்லை. இரண்டாம் முறை நேரின் களைதலைக் கருதலாம் என்பது அந்நெறியின் ஒரு கூறு. பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கும் கொக்ரேன் மதிப்பீடு 2020 இலும், களைவதோ காப்பதோ சிறந்தது எனத் துணிதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் நெருங்கிக் கோணும் என்னும் பரவலான நம்பிக்கையும் ஆய்வில் நிலைபெறவில்லை. அழகின்பொருட்டு அதனைப் பிடுங்குதல் வீண்செயல்.

எனினும் மறுபக்கமும் உண்டு. பிரித்தானிய நெறி வந்தபின், களைதல் ஒழியவில்லை, பிந்தியது. நோயாளரின் சராசரி வயது பத்தாண்டுகளில் 25 இலிருந்து 32 அளவுக்கு உயர்ந்தது. முன்சாய்ந்து நிற்கும் ஞானப்பல்லுக்கும் அதன் முன்னுள்ள பல்லுக்கும் இடைப்பட்ட பிளவில் உணவு தங்கி, நல்ல பல்லின் பின்புறத்தைச் சூத்தையாக்கும் கேடு மிகுந்து காணப்பட்டது. பயனற்ற ஒன்றைக் காக்கப்போய்ப் பயனுள்ள ஒன்றை இழப்பது நட்டம் அன்றோ? வயது ஏற ஏற எலும்பு இறுகுகின்றது; வேர் முற்றி நரம்பை அணுகுகின்றது; புண் ஆறுதலும் தாமதிக்கின்றது.

களைதலின் ஆபத்தையும் மறைத்தல் கூடாது. வீக்கமும் நோவும் சில நாள் நீடிக்கும். குழியில் உறைந்த குருதி கரைந்து எலும்பு வெளிப்பட்டால், மூன்றாம் நாளளவிற் செவிவரை பாயும் கடுநோ எழும்; புகைப்போர்க்கு இது மிகுதி. எல்லாவற்றினும் கருதத்தக்கது நரம்பூறு. கீழுதட்டிலும் நாவிலும் உணர்ச்சி மரத்தல் நூற்றுக்குச் சிலர்க்குச் சிறிது காலம் நேர்வது. நிலையாக எஞ்சுதல் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. வேர் நரம்பைத் தழுவிக் கிடப்பதைப் படம் காட்டுமாயின், பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விடும் முறையும் இன்று கையாளப்படுகின்றது. கடுகண்ணாவைக் கணவாயில் 1820களில் வீதி அமைத்தோர் குறுக்கிட்ட பாறையைக் குடைந்து வழி செய்தனர். பிற்காலத்தார் அப்பாறையைத் தகர்க்காமல் அதன் அருகே புதுவழி விட்டனர். குடைந்த பாறை இன்றும் அங்கே நிற்கின்றது.

மலைநாட்டு மக்கள்பால் வேறொரு காரணமும் எண்ணப்பட வேண்டும். வெற்றிலையுடன் பாக்கு மெல்லும் பழக்கம் வாய்த்தோலின் அடியே நாரிழையை இறுக்கி, வாய் திறக்கும் அளவை ஆண்டாண்டாகக் குறைக்கும். புற்றுநோய்க்கும் அது வித்தாகும். அத்தகைய இறுக்கம் முற்றியவர்க்குக் கடைசிப் பல்லை அணுகுதலே அரிது. ஆதலின் வாய் திறவாமை நேர்ந்தவிடத்து ஞானப்பல்லே காரணம் என வீட்டிலிருந்தே முடிவுசெய்தல் ஆகாது. ஆறாத புண், வெண்படை, செம்படை ஆகியன உளவா எனவும் வைத்தியர் பார்த்தல் வேண்டும்.

இவற்றை வைத்து நம் மாணவனுக்கு யாது கூறலாம்? பல் நேராக நின்று, பின்னே இடமும் இருந்து, வந்தது முதல் அழற்சியாயின், பாட்டியார் சொற்படி காத்திருக்கலாம். இருபது வயதுக்குப் பின்னும் பல் எழுந்து நிமிர்தல் உண்டு. ஆயினும் காத்தல் என்பது மறந்திருத்தல் அன்று. சிறுதலைத் தூரிகையாற் கடைக்கோடி வரை துலக்குதலும், ஆண்டுக்கொருமுறை வைத்தியரிடம் காட்டுதலும், அவர் வேண்டியபோது படம் எடுத்தலும் அதனுள் அடங்கும். பல் முன்சாய்ந்து, பாதி வெளிப்பட்டு நிற்குமாயின், அல்லது அழற்சி மீண்டும் வருமாயின், தந்தையார் சொல்லே வலிது. இருபத்தைந்துக்கு முன் களைதல் நன்று. பல்லைச் சூழ நீர்ப்பை தோன்றினும், நிரப்ப இயலாத சூத்தை விழினும் வாதத்துக்கு இடமேயில்லை. பரீட்சைக்கு முன்னா பின்னா என்பது இவற்றின் பின் எழும் வினா. அழற்சி தணிந்து நிற்குமாயின் பரீட்சை முடியும்வரை ஒத்திவைக்கலாம். மூன்று திங்களுள் மீண்டும் வரக்கூடும் என வைத்தியர் கருதினால், இப்போதே செய்து ஒருவார ஓய்வு கொள்வது, பரீட்சை மண்டபத்தில் வீங்கிய தாடையுடன் இருப்பதினும் மேல் என்பது என் துணிபு.

களைய முடிவுசெய்தோர் வைத்தியரை இரண்டு கேட்டறிதல் நலம்: வேர் நரம்பிலிருந்து எத்துணைத் தூரம், விறைப்பூசி போதுமா மயக்கமருந்து வேண்டுமா என்பன. குருதியை இளக்கும் மருந்து உண்போரும், நீரிழிவு உடையோரும், கருவுற்றோரும் அதனை முதலிலேயே சொல்லுதல் வேண்டும். பல் எடுத்த அன்று பஞ்சை அரைமணி நேரம் கடித்திருந்து, வாயைக் கொப்பளியாது, உறிஞ்சிக் குடியாது, புகையாது இருத்தல் வேண்டும். மறுநாள் முதல் உணவுக்குப்பின் இளஞ்சூட்டு உப்புநீராற் கொப்பளிக்கலாம். கஞ்சியும் குழைந்த சோறும் சில நாளைக்குப் போதும். முரசு இரண்டொரு கிழமையில் மூடத்தொடங்கும். அதன் கீழேயுள்ள குழி எலும்பால் நிரம்பச் சில திங்கள் செல்லும்.