தண்டிப் பாதையில் நடப்பவருக்கு இடம் எங்கே?

புது தில்லி: காந்தியடிகள் உப்பெடுக்க நடந்து சென்ற வழி, இன்று தேசிய நெடுஞ்சாலை. நடையால் வரலாறு படைத்த அந்தப் பாதையில், நடப்பவரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை இல்லை.

1930 மார்ச் 12-ம் தேதி, சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்டார் காந்தியடிகள். நடியாத், ஆனந்த், பரூச், சூரத், நவ்சாரி வழியாக சுமார் 386 கி.மீ. நடந்து, ஏப்ரல் 5-ல் தண்டிக் கடற்கரையை அடைந்தார். மறுநாள் உப்புச் சட்டம் மீறப்பட்டது. ஏப்ரல் 13-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் புறப்பட, மேற்குக் கரையில் மூண்ட போராட்டம் கிழக்குக் கரையையும் எட்டியது.

யாத்திரையின் 75-வது ஆண்டான 2005-ல், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் இவ்வழியைப் பாரம்பரியப் பாதையாக அறிவித்தார். 228 என்ற எண் பெற்ற அந்த நெடுஞ்சாலை, பின்னர் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது 64 ஆனது. 2019-ல் பிரதமர் மோடி தண்டியில் தேசிய நினைவிடத்தைத் திறந்துவைத்தார். 2021-ல் 81 பேர் கொண்ட நடைப்பயணத்தையும் அவர் தொடங்கிவைத்தார். கட்சி வேறுபாடின்றி அனைவரும் போற்றும் பாதை இது.

ஆனால், விழா நாளில் நடப்பது வேறு. அன்றாடம் நடப்பது வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடெங்கும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். 4,836 பேர் சைக்கிளில் சென்றவர்கள்.

சிக்கலின் வேர் அதிகாரப் பங்கீட்டில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய அரசின் பட்டியலில் உள்ளன. அவற்றில் பாதசாரிகளையும் மோட்டார் இல்லாத வாகனங்களையும் முறைப்படுத்த விதிகள் வகுக்கும் அதிகாரத்தையோ, 2019-ம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மாநிலங்களுக்கு அளித்துள்ளது. சாலை ஒருவர் கையில். விதி மற்றொருவர் கையில். இடையில் நிற்பவர் பாதசாரி.

பாதுகாப்பான நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன்பின் நடைபாதையைச் சலுகையாகக் கருத இடமில்லை.

சாலை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது, எத்தனை கி.மீ. சாலை போடப்பட்டது என்று உறுப்பினர்கள் கேட்பது வழக்கம். அதில் எத்தனை கி.மீ. நடக்கத் தக்கது என்ற துணைக் கேள்வியையும் அவர்கள் எழுப்ப வேண்டும். அதற்கான பதிலைத் தண்டிப் பாதையிலிருந்தே அரசு தொடங்கலாம்.